மூன்றாவது பெடல்

“சனிக்கிழம காலைல பையன் வந்து எறங்குறான் பாய். அதுக்குள்ள இது கியர் வண்டியா மாறியாகணும்” என்றாள் ராஜகுமாரி.

ஜுல்ஃபிகர் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். பூந்தமல்லியில் இருபது வருடமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். கிளட்ச் மிதித்து மிதித்துக் கால் போச்சு, ஆட்டோமேட்டிக் வண்டி இருந்தால் சொல்லு என்று கேட்பவர்களைத்தான் பார்த்திருக்கிறான். ஓடுகிற ஆட்டோமேட்டிக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளட்ச் வைக்கச் சொன்ன முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

“சிஸ்டர், இதுல கியர்பாக்ஸு கல்லு மாறி கீது. ஆயிலு மாத்துனா இன்னும் அஞ்சு வர்சம் ஓடும். இன்னாத்துக்கு வீண் செலவு?”

“காரணம் இருக்கு. நாப்பதாயிரத்துக்குள்ள முடியுமா, முடியாதா?”

“புதுசா வாங்கிப் போட்டா லட்சத்த தாண்டிப் பூடும். புதுப்பேட்டைல இதே மாடல் கியர் வண்டி ஒண்ணு பிரிச்சுகினு கீறாங்க. பாக்ஸு, கிளட்ச்சு, பெடலு எல்லாத்தையும் அதுலேர்ந்து தூக்கிடலாம். அத்த வுடுங்க, ஒங்க முட்டி இன்னா ஆவறது?”

நியாயமான கேள்வி. முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக நின்றே தேய்ந்த முட்டி அது. அதற்காகத்தான் இரண்டு வருடம் முன்பு கனடாவிலிருந்து வந்த மகன் பிரசன்னா, வந்த அன்றே இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தான். ‘இனிமே உன் இடது காலுக்கு வேலையே இல்லம்மா’ என்று சொல்லித்தான் சாவியைக் கையில் வைத்தான்.

“முட்டி என் பாடு. பையனுக்காகத்தான் மாத்தச் சொல்றேன்.”

ஜுல்ஃபிகருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

“அப்டி சொல்லுங்க! ஃபாரின் பசங்களுக்கு கியர் வண்டின்னா தனி கிக்காமே. தம்பி சின்ன வயசுலயே கார் கத்துகினாரா?”

“இங்க இருந்தவரைக்கும் பைக்தான். கார் கத்துக்கிட்டது அங்க போய். போன தடவ வந்தப்ப பதினாலே நாள்ல ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டினான்!”

“அம்மாடி! தம்பி வண்டி வெறியரா கீறாரே. நீங்களும் ஜாலியா சுத்தினீங்களா?”

ராஜகுமாரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “வேலைய ஆரம்பி பாய்” என்று கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் காலையில் ஷெட்டில் ஆஜர். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாலும் உட்கார மாட்டாள். குடல் உருவிக் கிடக்கும் காரைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

“வீடு திருமுல்லைவாயில்னு சொன்னாலே கால் டாக்சிக்காரன் கேன்சல் பண்றான். இன்னிக்கு மட்டும் மூணு பேரு! ரெண்டு பஸ் மாறி வரேன்” என்று புலம்புவாள். புலம்பல் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் “சனிக்கிழமைக்குள்ள ஆயிடுமில்ல?” என்றுதான் முடியும்.

வியாழக்கிழமை வந்தது வினை. புதுப்பேட்டை கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்த ஜுல்ஃபிகர் உதட்டைப் பிதுக்கினான். “தேஞ்சு கீது சிஸ்டர். வேற தேடணும். திங்கக்கிழம ஆயிடும்.”

“திங்கக்கிழமையா? அவனுக்கு லீவே இருபது நாள்தான் பாய். அதுல ஒரு நாள் போனாலும் எனக்குத் திரும்பக் கிடைக்காது.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

ஒரு காருக்குப் போய் இவ்வளவு கண்ணீரா என்று ஜுல்ஃபிகருக்கு ஆச்சரியம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. “அழாதீங்க சிஸ்டர், நான் கீறேன்ல” என்று பைக்கை உதைத்தான். அம்பத்தூர் வரை அலைந்து புது பிளேட்டே வாங்கி வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் தயார். ராஜகுமாரி ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தாள். “உஸ்ஸ்...” என்று முகம் சுருங்கியது. வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றது. மூன்றாவது தடவை நகர்ந்தது. கணவரின் பழைய காரில் கியர் போட்டுப் பழகிய கை எதையும் மறக்கவில்லை. கால்தான் கெஞ்சியது.

தெருவைச் சுற்றிவிட்டு வந்து இறங்கினாள். ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத சிரிப்பு.

ஜுல்ஃபிகருக்குத்தான் பாவமாக இருந்தது. “கவலப்படாதீங்க சிஸ்டர். நாளைலேர்ந்து தம்பிதான ஓட்டப் போறாரு? நீங்க ஊட்ல காலை நீட்டிகினு அக்கடான்னு உக்காருங்க.”

“போன தடவையும் அப்படித்தான் உக்காந்திருந்தேன் பாய்” என்றாள் ராஜகுமாரி. “ஃப்ரெண்ட் வீடு, கல்யாணம், மகாபலிபுரம்னு எல்லாத்துக்கும் அவனே வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பதினாலு நாளும் நான் பார்த்தது அவன் தூங்குறதைத்தான்.”

“அப்ப இந்த தபா மட்டும் இன்னா மாறப் போவுது?”

ராஜகுமாரி ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் புதுக் கியர் ராடை ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

“அவனுக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது பாய்.”