தைத்து வந்த புத்தகம்

வேன் கொண்டுவந்த பொட்டலத்தை நூலகர் பிரிக்கிறாள். பக்கத்து ஊர் நூலகம் இரவல் கேட்டு, மூன்று மாதம் முன்பு அவள் அனுப்பிவைத்த பறவைகள் புத்தகம்தான். ஆனால் ஆளே மாறி வந்திருக்கிறது. அவள் ஒட்டியிருந்த பழுப்பு டேப்பை யாரோ பூப்போல உரித்துவிட்டு, முதுகை நூலால் தைத்து, நீலத்துணியில் புது அட்டை போட்டிருக்கிறார்கள். ஜன்னல் வெயில் வேண்டுமென்றே வந்து அந்த நீலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சித்தி வீட்டுக்குப் போன பிள்ளை புதுச் சட்டையும் பூரித்த கன்னமுமாய்த் திரும்பி வந்தால் பெற்றவளுக்கு வயிறு எரியாதா? தேதிச்சீட்டைப் புரட்டுகிறாள். இங்கே ஒன்பது வருடமாக ஒரு முத்திரை இல்லை. அங்கே மூன்று மாதத்தில் ஐந்து.

“அங்க இன்னும் மூணு பேர் இதுக்குக் காத்திருக்காங்களாம்மா,” என்கிறார் வேன் ஓட்டுநர், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி. “தவணை முடிஞ்சதால அனுப்பியிருக்காங்க, கையோட திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னாங்க அந்த லைப்ரரியம்மா. இங்க சும்மாதானே கிடக்குதுன்னு...”

“சும்மா கிடக்குதுன்னு யாரு சொன்னா?”

அவள் கைப்பையைத் துழாவித் தன்னுடைய உறுப்பினர் அட்டையை எடுத்து மேசையில் வைக்கிறாள். முத்திரையை மையில் அழுத்தி, தேதிச்சீட்டில் மேசை அதிரக் குத்துகிறாள்.

“இங்க ஒருத்தர் இதை எடுத்திருக்காங்கன்னு போய்ச் சொல்லுங்க.”

வேன் கிளம்பும் சத்தம் கேட்கிறது. அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. விரல் மட்டும் தையலின் மேல் ஊர்ந்து ஊர்ந்து, எங்காவது ஒரு நூலாவது பிரிந்திருக்காதா என்று தேடுகிறது.