தொங்கானுக்கு மேலே குமிழிகள்

கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே கடல் பால் கலந்த தேநீரின் நிறத்தில் வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. மூழ்கிப்போன தொங்கான் என்ற சரக்குப் படகின் கம்பம் மட்டும் துருவேறி நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆழம் மூன்று ஆள் உயரம்தான். என் கணவர் தனபால் காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, பித்தளை கழற்ற அதற்குள் போயிருக்கிறார். மேலே படகில் என்னோடு படகுக்கார நாகையா அண்ணன் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குமிழி வந்தால் ஆளுக்கு மூச்சு இருக்கிறது என்பது இந்த முக்குளிக்கும் தொழிலில் இருப்பவர்களின் நம்பிக்கை. திடீரென்று குமிழிகள் உலை கொதிப்பதுபோலப் பொங்கி வருகின்றன.

"என்னண்ணே இவ்ளோ வருது? ஒரு தடவ எறங்கிப் பாருங்களேன்."

"குமிழி நின்னாத்தான் தங்கச்சி பயப்படணும். புது மாப்பிள்ளை, பொண்டாட்டி மேல இருக்கான்னு கீழ பாட்டுப் பாடுறான்லா. வேலைக்கு நடுவுல போனா என்னைத் திட்டுவான்."

வாயிலிருந்து கழன்ற குழாய், மூச்சுவிட ஆளில்லாமலே காற்றைக் கொட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்குச் சொல்லப்போகிறவர்கள் நாளைதான் வருவார்கள். இப்போது ஒவ்வொரு குமிழியிலும் வெயில் ஒரு கணம் மின்னி உடைகிறது. பொடிமீன்கள் அவற்றைக் கொத்த வருகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நாகையா அண்ணன் அந்தப் பாட்டுக்கென்று படகின் விளிம்பில் விரல்களால் தாளம் போடுகிறார். குமிழிகள் மெலிகின்றன, ஒன்றிரண்டாகின்றன, நீர் சமமாகிவிடுகிறது. அவர் விரல்கள் மட்டும் இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிற்கின்றன.