சுரங்கத்துக்கு மேலே ரோஸி

அதிர்வு எட்டாத பழைய தங்கச் சுரங்கத்தின் அடியில், மின்தடையே இல்லாத மீகடத்திப் பொருளின் மேற்பரப்பிலுள்ள அணுக்களைப் படமெடுப்பது எஸ்தரின் வேலை. லிப்ட் ஓடும் அதிர்விலேயே படம் கலையும் என்பதால், எடுத்து முடியும்வரை யாரும் மேலே போகமுடியாது. மாதக்கணக்காக மகள் ரோஸியின் குரலைப் போனில் மட்டுமே கேட்டுவந்தாள்.

அன்று திரையில் சீரான அணு வரிசைகள் திடீரென நெளிந்தன. நின்று, மறுபடி நெளிந்தன.

சக ஊழியன் செல்வின் மேலே வாசலில் இருந்த காவலருக்குப் போன் செய்து விசாரித்துவிட்டு, எஸ்தரிடம் திரும்பினான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் பாப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கார். குதிச்சா அம்மாவுக்குத் தெரியும்னு பாப்பா மேலே குதிக்குதாம். நிறுத்தச் சொல்லட்டுமா? படம் கெட்டா முதல்லேருந்து எடுக்கணும். நீங்க வீட்டுக்குப் போறதும் தள்ளிப்போகும்."

எஸ்தர் திரையில் நெளிந்த வரிசையை விரலால் தடவினாள்.

"தெரியும் செல்வின். இன்னும் கொஞ்சம் குதிக்கட்டும்."