மரங்கொத்தி முத்திரை

"போலியைக் கண்டுபிடிக்க எனக்குக் கண்ணே வேண்டாம்மா. கட்டை விரல் போதும்" என்றார் கடைக்காரர்.

கேட்டதும் பையம்மாவுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருப்பதால் வந்த பட்டப்பெயர் அது. சொந்தப் பெயர் அவளுக்கே மறந்துவிட்டது. அவளுடைய மரங்கொத்தி முத்திரையைப் போட்டு எவனோ மட்டமான பைகளைச் சந்தையில் விடுகிறான். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே தோள்வார் பிய்ந்துகொண்டு வருகிறது. பிய்வது அவன் பை, திட்டு விழுவது அவளுக்கு. நேற்று ஒரு பெரிய பள்ளிக்கூடமே "இனிமே உங்க பை வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. இன்னொரு பள்ளிக்கூடமும் இப்படிக் கையை விரித்தால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"எவன்னு மட்டும் காட்டுங்கண்ணே. போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். அவனை உள்ள தள்ளாம எனக்குச் சோறு இறங்காது."

"இருங்கம்மா, சாரை முதல்ல அனுப்பிட்டு வர்றேன்."

கல்லாவுக்கு முன்னால் ஒருவர் வார் அறுந்த பையோடு நின்றிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என் பொண்ணு படிக்கட்டுல இறங்கறப்ப அறுந்துச்சுங்க. பையைப் பிடிக்கப் போயி அவளும் சேர்ந்து உருண்டுட்டா. முன்பல்லு போச்சு. கேட்டா மரங்கொத்தியாம், பெரிய கம்பெனியாம்!"

"இது போலி சார். வேற மாத்தித் தர்றேன். இதோ பாருங்க, கம்பெனி முதலாளியே வந்திருக்காங்க."

அந்த மனிதர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பையம்மா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சார், இந்தப் பேரு சும்மா வந்ததில்ல. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் சமையல்கட்டுல ஒத்தை மெஷினைப் போட்டு ஆரம்பிச்சேன். மூட்டையைத் தூக்கிட்டு கடை கடையா ஏறுவேன். பொம்பளை தைச்ச பை எத்தனை நாள் தாங்கும்னு சிரிப்பாங்க. இவரே என்னை எத்தனை தடவை துரத்தினாருன்னு கேளுங்க."

"உண்மைதான் சார்" என்று கடைக்காரர் சிரித்தார். "இன்னிக்கு வேண்டாம்னு சொன்னா நாளைக்குக் கடை திறக்கும்போது வாசல்ல நிப்பாங்க. கல்லைக்கூடக் கரைச்சிடலாம், இவங்களைக் கரைக்க முடியாது. தொல்லை பொறுக்காமத்தான் முதல் பையை வாங்கினேன்."

அத்தனையும் உண்மை. ஒன்றை மட்டும் பையம்மா வழக்கம்போல விட்டுவிட்டாள். அந்த ஒற்றை மெஷினை மாற்றி மாற்றி மிதித்தவர்கள் இரண்டு பேர். மற்றவள் அவளுடைய நாத்தனார். மரங்கொத்தியை ஒரு பழைய தாளில் வரைந்து, "இதையே முத்திரையா வச்சுக்கலாம் அண்ணி" என்று சொன்னவளும் அவள்தான்.

பட்டறை பெரிதானது. ஆர்டர் குவிந்தது. "ஒரு பைக்கு இவ்வளவு நேரமா? உள்பக்கம் ஒரு தையலை விட்டுட்டா என்ன, குடியா முழுகிடும்?" என்றாள் பையம்மா. "முடியாது அண்ணி" என்று நாத்தனார் முறுக்கிக்கொண்டாள். வார்த்தை தடித்தது. "வாங்கறவன் என்ன பிரிச்சா பார்க்கப் போறான்? பிடிக்கலைன்னா வாசல் திறந்துதான் இருக்கு" என்று பையம்மா சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து நாத்தனார் வரவில்லை. எங்கே போனாள், என்ன செய்கிறாள் என்று பையம்மாவும் விசாரிக்கவில்லை. தொழில் என்று வந்துவிட்டால் நெஞ்சைக் கொஞ்சம் கல்லாக்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு பட்டறையில் வேலையும் மளமளவென்று நடந்தது.

"இங்க வாங்கம்மா. நீங்களும் வாங்க சார்."

கடைக்காரர் உள்ளே அழைத்துப் போனார். மூலையில் இடுப்பு உயரத்துக்குப் பைகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் வார் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் திரும்பி வந்த போலி." அலமாரியிலிருந்து புதுப்பை ஒன்றை எடுத்தார். "இது அசல்."

பையம்மா குவியலைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "பாவி! என் வாழ்க்கையையே நாசம் பண்ணிட்டானே."

கடைக்காரர் இரண்டு பைகளையும் உட்புறம் தெரியத் திருப்பினார். "வார் சேர்ற இடத்துல விரலை வைங்கம்மா. அசல்ல சதுரமா தைச்சு, நடுவுல பெருக்கல் குறி மாதிரி இன்னொரு தையல் ஓடும். யானை இழுத்தாலும் வராது. போலியில வெறும் சதுரம்தான். திருட்டுப்பய அந்த ஒரு தையல்ல மிச்சம் பிடிச்சிருக்கான்."

பையம்மாவின் விரல் அந்த இடத்திலேயே நின்றது.

"எப்படி உள்ள வருதுன்னும் கண்டுபிடிச்சிட்டேன். உங்க பட்டறையிலேர்ந்து லாரியில வர்ற மூட்டையைத்தான் நடுவழியில எவனோ மாத்திடறான். உங்க நாத்தனார் இந்த அசல் பையைக் கையோட கொண்டுவந்து குடுக்கறாங்களே, அதுல இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல."

அந்த மனிதர் புதுப்பையை வாங்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீங்க சொல்லுங்கம்மா. என் பொண்ணு தோள்ல மாட்டணும். இதுதானே அசல்?"

"ஆமா சார், இதுதான் அசல்" என்றாள் பையம்மா, தன் பட்டறையில் தைத்த பைகள் குவிந்து கிடந்த மூலையைப் பார்க்காமல்.