வீட்டுக்கு வந்த டாக்டர்

முயல் கூண்டில் வைக்கோல் ஈரமில்லாமல் இருந்தது. கம்பித் தரை முயல்களின் காலை உறுத்தாதபடி பலகையும் போட்டிருந்தாள் அந்த வீட்டுப் பெண். கால்நடை டாக்டருக்கு மனம் நிறைந்தது.

"நல்லாத்தானேம்மா வெச்சிருக்கீங்க! என்ன பிரச்சனை?"

"குதிகால்ல புண்ணு, டாக்டர். முதுகுலயும் வந்திருச்சு."

"ஒரே இடத்துல படுத்தே கிடந்தா வரும். மெத்துனு எதையாவது விரிச்சு, அடிக்கடி புரட்டிப் போடுங்க."

"எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். நேத்துலேர்ந்து வாய்ல எதுவும் இறங்கல."

"அப்ப தேறாதும்மா. மனசைத் தேத்திக்குங்க."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஒவ்வொரு முயலாகத் தூக்கிப் பார்த்தார். எதற்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"எந்த முயலுக்கும்மா புண்ணு?"

அவள் உள்ளறைக் கதவைத் திறந்தாள். கட்டிலில் அவள் கணவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான்.

"கால்ல விழாத குறையா எல்லா டாக்டர்கிட்டயும் கெஞ்சிட்டேன். வீட்டுக்கு வர ஒருத்தரும் சம்மதிக்கல. முயலுக்குன்னா நீங்க வருவீங்கன்னு தெரியும்."

"நான் சொன்னது முயலுக்கும்மா... மனுஷங்களுக்கு..."

பேச்சுச் சத்தத்தில் கணவன் கண்ணைத் திறந்தான். முகத்தில் மெல்ல ஒரு களை வந்தது.

"டாக்டர் வந்துட்டாரா? இனிமே பொழைச்சுக்குவேன், இல்ல?"

"வந்துட்டாருங்க," என்றாள் அவள், டாக்டரின் முகத்தைப் பார்க்காமல்.