சேனல் வராத டிவி

“நைனா, இது டிவியே இல்ல!”

மகள் பூங்குழலி சொன்னதும், ஈரத்துணியால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்த பச்சமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“டிவி இல்லாம வேற இன்னா?”

“கம்ப்யூட்டர் மானிட்டர். தனியா வெச்சா ஒண்ணும் தெரியாது. சேனலும் வராது, சத்தமும் வராது. பின்னாடி பாரு, கேபிள் ஒயர் செருக எடமே இல்ல. இந்த நீல ஓட்டை கம்ப்யூட்டர் ஒயருக்கு. எங்க இ-சேவை மையத்துல தெனம் இதைத்தான மாட்டிக் கழட்டுறேன்? எங்க வாங்கின?”

“திண்டிவனம் ரோட்டுல... பழைய சாமான் கடையில...” பச்சமுத்துவின் குரல் இறங்கிவிட்டது.

வீட்டில் இருந்த டிவி போன மாதமே புகைந்து உயிரை விட்டிருந்தது. அதை மறைத்து, ‘வீட்ல பெரிய டிவி இருக்குது’ என்று தரகரிடம் வாய் கூசாமல் அளந்துவிட்டார். இன்று பெண் பார்க்க வருவது வல்லத்துச் சம்பந்தம். மாப்பிள்ளை ஆதவன் சென்னையில் கம்ப்யூட்டர் இன்ஜினியர். இப்படி ஓர் இடம் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம்தான் அவரை அப்படிப் பேச வைத்தது.

“ஊரையே ஏமாத்தலாம் நைனா. கம்ப்யூட்டர்லயே குடியிருக்கிறவர ஏமாத்த முடியுமா? பாத்த ஒடனே சிரிச்சிடுவாரு. மொதல்ல எடுத்து உள்ள வை.”

எடுப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

கேசரி முடிந்தது. ஊர்க்கதை முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா மகாலட்சுமியின் கண் மட்டும் திரையைவிட்டு நகரவில்லை.

“தரகர் சொன்ன மாதிரியே பெரிய டிவிதான்! போடுங்க சம்பந்தி, சும்மா பாட்டு ஓடட்டும்.”

“கரன்ட் இல்லீங்க” என்றார் பச்சமுத்து.

அவர் தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மகாலட்சுமி ஃபேனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“அதாவதுங்க... டிவிக்கு மட்டும் இல்ல...”

சொல்லி முடிப்பதற்குள் அவர் கூனிக் குறுகிப்போனார். செஞ்சிக் கோட்டைப் பாறை ஒன்று உருண்டு வந்து தன் மேல் விழுந்தால் தேவலை என்றிருந்தது.

“இருங்க மாமா, நான் பாக்கறேன்” என்று எழுந்தான் ஆதவன்.

பச்சமுத்து பதறி எழுந்தார். பெண் கொடுக்கும் வீட்டின் முதல் பேச்சே பொய். இந்த இடமும் போய், மானமும் போய், மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆதவன் மானிட்டரைத் திருப்பி வைத்தான். குனிந்து பின்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தான். அவன் விரல் அந்த நீல ஓட்டையில் வந்து நின்றது. இதற்கு மேல் பச்சமுத்துவால் தாங்க முடியவில்லை.

“தம்பி, மன்னிச்சிடுங்க. நான் ஒரு பொய்...”

“மன்னிப்பெல்லாம் எதுக்கு மாமா? டிவி நல்லாத்தான் இருக்குது. இதோ, இந்த நீல ஓட்டையில கேபிள் ஒயரக் காணோம். கேபிள்காரர வரச் சொல்லி மாட்டிட்டா எல்லாச் சேனலும் வந்துடும்.”

பச்சமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காப்பித் தட்டோடு அடுப்படியில் நின்ற மகளிடம் ஓடினார்.

“கேட்டியா? மாப்பிள்ளையே சொல்லிட்டாரு! தப்பிச்சோம். கேபிள்காரருக்கு ஒரு போன் போடும்மா, வரட்டும்!”

பூங்குழலி காப்பித் தட்டை அப்படியே மேடையில் வைத்தாள்.

“கேபிள்காரர் வருவாரு நைனா. நீ சொன்ன கம்ப்யூட்டர் இன்ஜினியர் எப்ப வருவாரு?”