சுற்றுவழி

"கன்னியாகுமரி வரைக்கும் தனியாவா?" மாமல்லபுரம் டீக்கடை மோசஸ் இரண்டாவது முறையாகக் கேட்டார். கேசவன் தலையை மட்டும் அசைத்தார். ராத்திரி கடற்கரையில் போட்டுப் படுத்திருந்த கூடாரத்தைச் சுருட்டி சைக்கிள் கேரியரில் இறுக்கிக் கட்டினார்.

வயது நாற்பத்தாறு. முந்தின நாள் தாம்பரத்திலிருந்து கிளம்பியவர். உடம்பு வியர்க்க மிதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

புதிதாகப் போட்ட கடற்கரை ரோட்டில் நேராகப் போனால் பாண்டிச்சேரி. இந்த மனுஷன் எதற்கு மேற்கே திரும்பி, செங்கல்பட்டைச் சுற்றிப் போகிறார் என்று மோசஸுக்குப் புரியவில்லை. மதுராந்தகம் ஏரி நிரம்பியிருக்கிறதாம், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார் கேசவன்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. செங்கல்பட்டில் பஞ்சர் ஒட்டியவர் ஊர், பேர், பெண்டாட்டி பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பிறகுதான் சக்கரத்தை மாட்டினார். பாலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று. பின்னால் லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் கேசவன் ரோட்டை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

கருங்குழிக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம். அதை ஒட்டிக் கீற்றுக் கொட்டகையில் கூழ் விற்றுக்கொண்டிருந்தாள் முனியம்மா. அவளிடம், பின்னாலிருக்கும் புளியமரத்தடியில் இன்றைக்கு மட்டும் கூடாரம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "போட்டுக்கோ," என்றாள். ஊரும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை.

சொம்பில் கூழை ஊற்றி, மோர்மிளகாயோடு நீட்டினாள். தனியாகத்தான் கடை நடத்துகிறாயா என்று கேசவன் கேட்டார். அவள் பாலத்தைக் காட்டினாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், இதே தை மாதம். விடியற்காலையில் கழனிக்குத் தண்ணீர் கட்ட சைக்கிளில் போன அவள் புருஷன் எல்லப்பனை அந்தப் பாலத்தில் லாரி அடித்துப் போட்டுவிட்டது. அவள் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள். டிரைவர் கீழே இறங்கி, எல்லப்பன் தலையைத் தன் மடியில் வைத்து வாயில் தண்ணீர் ஊற்றினான். அவள் அலறிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்ததும் தலையைத் தரையில் வைத்துவிட்டு, லாரியில் ஏறிப் போய்விட்டான்.

"அந்த லாரிலயே தூக்கிப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழச்சிருப்பாரு. எட்டு மணி வரிக்கும் உசுரு இருந்திச்சி," என்றாள்.

வந்த போலீஸ்காரர்கள் ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டிருக்கிறார்கள். பனியில் மூஞ்சி தெரியவில்லை என்று சொல்லிவிட்டாளாம். அத்தோடு கேஸ் நின்றுபோயிற்று.

   கேசவன் பாதிக் கூழோடு சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இருட்டுவதற்குள் மதுராந்தகம் போய்ச் சேர்ந்துவிடலாம், இங்கே தங்க வேண்டாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கேரியரில் கட்டிய கூடாரத்தை அவர் அவிழ்க்கவே இல்லை.

முனியம்மா தடுக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தவரின் பின்னாலேயே வந்து, கேரியரில் கை வைத்தாள்.

"இப்போ அந்த லாரிய யாரு ஓட்டிகினு கீறாங்க?"